ஊரகம் என்னும் அளவுகோல்: மலேசியத் தமிழ்ப்பள்ளி ஆய்வுகளில் அமைவிட வரையறையின் வரலாறு

முன்னுரை

மலேசியக் கல்வித்துறையில் நிகழும் அளவுசார் ஆய்வுகளில் பள்ளியின் அமைவிடம் ஒரு நிலையான மாறியாக இடம்பெற்று வருகின்றது. மாணவரின் பால், பெற்றோரின் வருமானம், பெற்றோரின் கல்விநிலை ஆகியவற்றோடு, பள்ளி நகரத்தில் உள்ளதா, ஊரகத்தில் உள்ளதா என்னும் வினாவும் வினாநிரலின் முதற்பக்கத்திலேயே கேட்கப்படும். நகரத்திற்கு 1 என்றும் ஊரகத்திற்கு 2 என்றும் குறியிட்டு, இரு குழுக்களின் சராசரியை ஒப்பிட்டு, வேறுபாடு புள்ளியியல் நோக்கில் பொருளுடையதா என்று காண்பது வழக்கமான நடைமுறை. ஆய்வுக் கருவியின் நம்பகத்தன்மையை நிறுவுவதற்குப் பல பக்கங்களை ஒதுக்கும் ஆய்வேடுகள்கூட, ஒரு பள்ளி எந்த அளவுகோலின்படி 2 என்னும் குறியைப் பெற்றது என்பதை ஒரே வரியில் கூறி அமைந்துவிடுவதுண்டு.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் நீண்ட வரலாறு உள்ளது. ஊரகம் என்பது கல்விக்காக வகுக்கப்பட்ட பாகுபாடு அன்று. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காகவும் ஊராட்சி நிருவாகத்திற்காகவும் வரையப்பட்ட ஓர் எல்லைக்கோடு. அக்கோடு காலந்தோறும் இடம் மாறியுள்ளது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பல, தம்மிடம் பயின்ற பிள்ளைகளின் வாழ்நிலை பெரிதும் மாறாமலேயே, அக்கோட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்குச் சென்றுவிட்டன. இதனைக் கருத்திற் கொள்ளாமல் செய்யப்படும் ஒப்பீடு தமிழ்ப்பள்ளிகளைப் பற்றிப் பிழையான முடிவுகளுக்கு இட்டுச் செல்லும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

முதற்சிக்கல் சொல்லிலேயே தொடங்குகிறது. மலாய் மொழியில் ஊரகத்தைக் குறிக்கும் ‘லுவார் பண்டார்’ என்னும் தொடர், ‘நகரத்திற்கு வெளியே’ என்னும் பொருளையே தருகிறது. அஃது எதிர்மறையால் அமைந்த வரையறை. நகரம் எது என்று முடிவுசெய்த பின் எஞ்சி நிற்பதெல்லாம் ஊரகம் ஆகிறது. நெல்வயல் சூழ்ந்த மலாய்க் கம்பமும், சபா, சரவாக் மாநிலங்களின் நீள்வீடுகளும், பெல்டா குடியேற்றமும், இரப்பர்த் தோட்டமும் ஒரே தொகுதிக்குள் அடங்கிவிடுகின்றன.

இத்தொடரைத் தமிழாக்கியபோது மலேசியத் தமிழில் ‘புறநகர்’ என்னும் சொல் வழக்கிற்கு வந்தது. நகருக்குப் புறம்பானது என்னும் அளவில் அது மலாய்த் தொடருக்குப் பொருந்துவதே. ஆயின் தமிழ்நாட்டு வழக்கில் புறநகர் என்பது நகரத்தை ஒட்டி வளர்ந்த குடியிருப்பைக் குறிக்கும். சென்னையின் புறநகர் இரயில் என்னும் வழக்கை ஈண்டு நினைவுகூரலாம். ஆகவே, ‘புறநகர்ப் பள்ளி மாணவர்’ என்று மலேசிய ஆய்வாளர் எழுதுவதைத் தமிழ்நாட்டு வாசகர் நகரத்தை அடுத்த பள்ளியின் மாணவர் என்றே கொள்வர். ‘நாட்டுப்புறம்’ என்னும் சொல்லோ நாட்டுப்புறவியல் வழக்கோடு ஒன்றிவிட்டது. ‘கிராமப்புறம்’ என்பது தோட்டத்தை உள்ளடக்குமா என்னும் ஐயம் எழும். ‘தோட்டப்புறம்’ என்பது மலேசியத் தமிழர் தம் பட்டறிவால் பேணிய சொல். எனினும் அரசாங்கப் புள்ளிவிவரங்களில் அதற்கு நேரான பள்ளி வகை இல்லை. இக்கட்டுரையில் ‘லுவார் பண்டார்’ என்பதற்கு ‘ஊரகம்’ என்னும் சொல் ஆளப்படுகிறது.

கணக்கெடுப்பில் நகரத்தின் எல்லை

மலாயாவில் 1947, 1957 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில், அரசிதழில் அறிவிக்கப்பட்ட எல்லையும் 1,000 பேருக்குக் குறையாத மக்கள்தொகையும் உடைய இடங்கள் நகர்ப்புறமாகக் கருதப்பட்டன. இவ்வரையறை எத்துணை நெகிழ்வானது என்பதற்கு அவசரகால வரலாறே சான்று. 1950ஆம் ஆண்டின் பிரிக்ஸ் திட்டத்தின்கீழ்க் காட்டோரங்களில் வாழ்ந்த ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள், கம்பிவேலியிட்ட புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். அவற்றுள் ஆயிரம் பேருக்கு மேற்பட்டவை 1957ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நகர்ப்புறத்தோடு சேர்ந்தமையால், நகர்மக்கள் விழுக்காடு உயர்ந்தது. வேளாண்மையை விட்டு அம்மக்கள் நகரத்தொழிலுக்கு மாறியதால் விளைந்த உயர்வன்று அது; அவர்கள் ஓரிடத்தில் நெருக்கமாக வைக்கப்பட்டதால் விளைந்தது.

1970ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எல்லை 1,000 பேரிலிருந்து 10,000 பேருக்கு உயர்த்தப்பட்டது. அதனால் முன்னர் நகரமெனக் கணக்கிடப்பட்ட சிற்றூர்கள் பல ஊரகத்திற்குத் திரும்பின. 1980ஆம் ஆண்டிலும் இவ்வரையறையே நீடித்தது. 1991ஆம் ஆண்டில் மற்றொரு மாற்றம் நிகழ்ந்தது. அரசிதழில் அறிவிக்கப்பட்ட எல்லையோடு, அதனை ஒட்டிக் கட்டடங்கள் பெருகிய பகுதிகளும் சேர்த்து எண்ணப்பட்டன. அப்பகுதிகளில் குறைந்தது 60 விழுக்காட்டினர் வேளாண்மை அல்லாத தொழில்களில் ஈடுபட்டிருத்தல் வேண்டும்; குறைந்தது 30 விழுக்காட்டு வீடுகளில் நவீனக் கழிப்பறை வசதி இருத்தல் வேண்டும். 2010ஆம் ஆண்டில், அரசிதழ் எல்லைக்கு அப்பாற்பட்ட சிறப்பு மேம்பாட்டுப் பகுதிகளும் மக்கள்தொகை, தொழில் ஆகிய அளவுகோல்களின்படி நகர்ப்புறத்தில் இணைந்தன.

மலேசியாவின் நகர்மக்கள் விழுக்காடு 1980இல் 34.2 ஆகவும், 1991இல் 50.7 ஆகவும், 2000இல் 62.0 ஆகவும், 2010இல் 71.0 ஆகவும், 2020இல் 75.1 ஆகவும் பதிவாகியுள்ளது. இவ்வளர்ச்சியில் பெரும்பகுதி மெய்யானதே. மக்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். நகரங்களும் பரந்து விரிந்தன. ஆனால், ஒரு பகுதி வரையறை மாற்றத்தால் விளைந்தது. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் 1980ஆம் ஆண்டின் ஊரகப் பள்ளியை 2010ஆம் ஆண்டின் ஊரகப் பள்ளியோடு ஒப்பிடுவது, ஒரே பெயருடைய இருவேறு பொருள்களை ஒப்பிடுவதாகவே முடியும்.

தோட்டம் என்னும் மூன்றாம் நிலம்

நகரம், ஊரகம் என்னும் இருமைக்குள் தோட்டம் எளிதில் அடங்குவதில்லை. மலேசியப் புள்ளிவிவரங்களில் தோட்டம் நிலப்பரப்பால் வரையறுக்கப்படுகிறது. ஒரே உரிமையின்கீழ் 100 ஏக்கர், அஃதாவது 40.47 ஹெக்டர், அல்லது அதற்கு மேற்பட்ட பரப்புடைய பயிர்நிலம் தோட்டமாகும். அதற்குக் குறைந்தது சிறுதோட்டமாகும். இவ்வரையறை பயிரையும் உரிமையையும் பற்றியது. அங்கு வாழும் மக்களைப் பற்றியோ அவர்தம் பிள்ளைகளின் கல்வியைப் பற்றியோ அது யாதும் கூறுவதில்லை.

தமிழ்ப்பள்ளியின் தோற்றமோ அம்மக்களோடு பிணைந்தது. கூட்டு மலாய் மாநிலங்களின் தொழிலாளர் சட்டங்கள் (1912, 1923), பள்ளிவயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளி அமைத்தல் வேண்டும் என்று விதித்தன. ஊரின் மக்கள்தொகையோ நகரத்திலிருந்து உள்ள தொலைவோ அங்குக் கணக்கில் இல்லை. வேலைக்காரரின் பிள்ளைகளுடைய எண்ணிக்கையே அளவுகோலாயிற்று. நாடு விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன என்பது பலராலும் எடுத்தாளப்படும் எண். அவற்றுள் பெரும்பாலானவை தோட்டங்களில், தனியார் நிலத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளின் அருகே நின்றவை.

தனியார் நிலம் என்பதே பின்னாளில் சிக்கலாயிற்று. கம்பங்களுக்குச் சாலை, குடிநீர், மின்சாரம் ஆகியவற்றைக் கொண்டுசென்ற ஊரக வளர்ச்சித் திட்டங்கள் தோட்டத்தின் வாயிலோடு பெரும்பாலும் நின்றுவிட்டன. தொழிலாளரின் வீடும் வசதியும் முதலாளியின் பொறுப்பாகக் கருதப்பட்டன. கணக்கில் தோட்டம் ஊரகம். ஊரகத்திற்குரிய திட்டங்களில் அதற்குப் பங்கு குறைவு.

1970ஆம் ஆண்டின் வறுமைக் கணக்கு இதனை மேலும் தெளிவாக்கும். தீபகற்ப மலேசியாவில் ஊரக வறுமை 58.7 விழுக்காடு, நகர்ப்புற வறுமை 21.3 விழுக்காடு. ஊரகத்திற்குள்ளேயே நெல் விவசாயிகளிடையே வறுமை 88.1 விழுக்காடாகவும், இரப்பர்ச் சிறுதோட்டக்காரரிடையே 64.7 விழுக்காடாகவும், தோட்டத் தொழிலாளரிடையே 40.0 விழுக்காடாகவும் இருந்தது. ஒரே ‘ஊரகம்’ என்னும் சொல்லுக்குள் 40 முதல் 88 வரை விரியும் இடைவெளி மறைந்திருந்தது. வருமானத்தை மட்டும் நோக்கின் தோட்டத் தொழிலாளர் நெல் விவசாயியைக் காட்டிலும் மேம்பட்டவர். சொந்த நிலம், சொந்த வீடு ஆகியவற்றை நோக்கின் நிலைமை தலைகீழாகும். வேலை நின்றால் வீடும் போய்விடும் என்னும் நிலை கம்பத்து விவசாயிக்கு இல்லை. மாணவர் அடைவை விளக்க முற்படும் ஆய்வாளருக்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது. 1984ஆம் ஆண்டில் சையத் ஹுசேன் அலி பதிப்பித்த நூலில் தி. மாரிமுத்து தோட்டப் பிள்ளைகளின் கல்வியைத் தனித்து எடுத்துக்கொண்டு எழுதியமை இவ்வகையில் முன்னோடியான முயற்சி எனலாம்.

பெயர் ஓரிடம், பள்ளி ஓரிடம், பிள்ளை ஓரிடம்

1980, 1990ஆம் ஆண்டுகளில் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் பிற நகர விளிம்புகளிலும் தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. கூட்டரசின் நிருவாகத் தலைநகரான புத்ராஜெயா இதற்குத் தக்க சான்று. பெராங் புசார் முதலிய தோட்டங்கள் இருந்த நிலத்தில் 1995ஆம் ஆண்டில் அதன் கட்டுமானம் தொடங்கியது. 2001ஆம் ஆண்டில் அது கூட்டரசுப் பிரதேசமாயிற்று. அத்தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் டிங்கில் வட்டாரத்து அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாற்றப்பட்டன. கணக்கெடுப்பில் புத்ராஜெயா முழுமையாக நகர்ப்புறம். ஒரு தலைமுறைக்குள் ஊரகம் நகரமாயிற்று. ஆனால் அந்நிலத்தில் பால்மரம் சீவியவரின் பிள்ளைகள் அந்நகரத்தின் வசதிகளுக்கு உரியவராயினர் என்று அதனைக் கொண்டு முடிவுசெய்ய இயலாது.

பள்ளிகளின் பெயர்கள் இவ்வரலாற்றை இன்றும் சுமந்து நிற்கின்றன. எடின்பர்க் தோட்டத் தமிழ்ப்பள்ளியும் புக்கிட் ஜாலில் தோட்டத் தமிழ்ப்பள்ளியும் கோலாலம்பூர் மாநகர எல்லைக்குள் உள்ளன. சீபீல்டு தோட்டத்தின் பெயர் சுபாங் ஜெயாவிலும், மிட்லண்ட்ஸ் தோட்டத்தின் பெயர் ஷா ஆலாமிலும், எஃபிங்காம் தோட்டத்தின் பெயர் பண்டார் உத்தாமாவிலும் தமிழ்ப்பள்ளிகளின் வழியாகவே நிலைத்துள்ளன. பெயரில் ‘தோட்டம்’ இருப்பதைக் கொண்டு இவற்றை ஊரகப் பள்ளி எனக் குறியிடும் ஆய்வாளர் பிழைபடுவர். மாநகர முகவரியைக் கொண்டு இவற்றை ஏனைய நகரப் பள்ளிகளோடு சேர்ப்பவரும், அவற்றின் வரலாற்றையும் மாணவர் குடும்பங்களின் பின்னணியையும் ஆராயாதவரை, பிழையிலிருந்து தப்பியவர் ஆகார்.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. தேசியப் பள்ளிகளுக்குப் பெரும்பாலும் அருகிலுள்ள பிள்ளைகளே செல்வர். தமிழ்ப்பள்ளியோ எண்ணிக்கையிற் குறைந்தது. இன்று நாடு முழுமைக்கும் ஏறத்தாழ 530 பள்ளிகளே உள்ளன. ஆகவே, பள்ளிப் பேருந்திலும் வேனிலும் நெடுந்தொலைவிலிருந்து பிள்ளைகள் வருகின்றனர். பட்டணத்துத் தமிழ்ப்பள்ளியில் செம்பனைத் தோட்டத்துப் பிள்ளையும் பயிலலாம். மாணவர் குறைந்த தோட்டப் பள்ளிக்கு அருகிலுள்ள வீடமைப்புப் பகுதியிலிருந்தும் பிள்ளைகள் வரலாம். பள்ளியின் அமைவிடத்தை மாணவரின் வாழிடமாகக் கொள்ளும் ஆய்வு, இவ்விரு பிள்ளைகளையும் தவறான தொகுதியில் சேர்த்துவிடும்.

எண்கள் மாறும் முறை

வகைமாற்றம் சராசரியை எங்ஙனம் மாற்றும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஒரு மாவட்டத்தில் ஊரகப் பள்ளிகள் ஐந்து. அவற்றின் சராசரிப் புள்ளிகள் 40, 45, 50, 55, 60. நகரப் பள்ளிகளும் ஐந்து. அவற்றின் புள்ளிகள் 65, 70, 75, 80, 85. ஊரகச் சராசரி 50. நகரச் சராசரி 75. நகர எல்லை விரிந்து, 60 புள்ளி பெற்ற ஊரகப் பள்ளி நகரப் பட்டியலுக்கு மாறுகிறது எனக் கொள்வோம். இப்போது ஊரகச் சராசரி 47.5, நகரச் சராசரி 72.5. இரு தொகுதிகளும் சரிந்துவிட்டன. ஆனால், எந்த மாணவரும் ஒரு புள்ளிகூட இழக்கவில்லை. மாவட்டச் சராசரி முன்பிருந்த 62.5 ஆகவே உள்ளது. நகரை ஒட்டிய, ஒப்பீட்டளவில் வசதி மிக்க ஊரகப் பள்ளிகளே முதலில் வகை மாறுவன ஆதலின், இத்தகைய தோற்றச் சரிவு ஏற்படும் வாய்ப்பு மிகுதி.

சிறு எண்ணிக்கையும் கருதத்தக்கதே. ஐந்து மாணவர் தேர்வெழுதும் தோட்டப் பள்ளியில் ஒருவரது முடிவு 20 விழுக்காட்டை மாற்றும். நூறு பேர் எழுதும் பள்ளியில் அஃது ஒரு விழுக்காடே. ஐவருள் நால்வர் தேறிய பள்ளியின் தேர்ச்சி 80 விழுக்காடு. நூற்றுவருள் அறுபதின்மர் தேறிய பள்ளியின் தேர்ச்சி 60 விழுக்காடு. பள்ளிகளின் சராசரியைக் கண்டால் 70. மாணவரை எண்ணிக் கண்டால் ஏறத்தாழ 61. எதனை அலகாகக் கொண்டோம் என்பதைக் கூறாத ஆய்வின் முடிவை மற்றோர் ஆய்வோடு ஒப்பிட இயலாது.

இவை வெறும் கணக்குச் சிக்கல்கள் அல்ல. 2013–2025 மலேசியக் கல்வி மேம்பாட்டுத் திட்டம், நகர–ஊரக அடைவு இடைவெளியை 2020ஆம் ஆண்டுக்குள் பாதியாகக் குறைப்பதை இலக்காகக் கொண்டது. இடைவெளியை அளக்கும் கோடு மாறினால் இலக்கு எட்டப்பட்டதா என்னும் விடையும் மாறும். மேலும், இடம்பெயர்ந்த தோட்டக் குடும்பத்துப் பிள்ளைகள் ‘நகர மாணவர்’ எனப் பதியப்படும்போது, அவர்தம் குறைந்த அடைவிற்கு அமைவிடம் காரணமாகாது என்று புள்ளிவிவரம் கூறும். எஞ்சும் காரணங்களாகப் பயிற்றுமொழியும் பள்ளி வகையும் இனமும் முன்னிறுத்தப்படும். நகர வறுமையின் விளைவு தமிழ்ப்பள்ளியின் குறையாகப் படிக்கப்படும் இடர் இங்குள்ளது.

பிறநாட்டு வரையறைகள்

பிற நாடுகள் இச்சிக்கலை எதிர்கொண்ட வகைகளும் பயன்தருவன. இந்தியக் கணக்கெடுப்பு, ஊராட்சித் தகுதி பெறாத இடத்தை நகரமெனக் கொள்ள 5,000 மக்கள், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் அடர்த்தி, ஆண் முதன்மைத் தொழிலாளருள் 75 விழுக்காட்டினர் வேளாண்மை சாராதவர் என்னும் மூன்றையும் ஒருங்கே கேட்கிறது. அமெரிக்கக் கல்விப் புள்ளிவிவர நடுவம் 2006ஆம் ஆண்டு முதல் பள்ளிகளைப் பன்னிரு வகைகளாகப் பகுத்து, ஊரகத்தையும் நகரிலிருந்து உள்ள தொலைவைக் கொண்டு விளிம்பு, தொலைவு, மிகுதொலைவு என மூன்றாகப் பிரிக்கிறது. பதினைந்து வயது மாணவரை மதிப்பிடும் பிசா ஆய்வில், 3,000 பேருக்குக் குறைந்த மக்கள் வாழும் இடம் சிற்றூராகவோ ஊரகமாகவோ கொள்ளப்படுகிறது. அங்குப் பள்ளி முதல்வரே தம் பள்ளியின் அமைவிடத்தைக் குறிப்பிடுவார். ஐக்கிய நாடுகளின் புள்ளியியல் ஆணையம் 2020ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட முறையோ, நிலத்தை ஒரு சதுர கிலோமீட்டர்க் கட்டங்களாகப் பிரித்து, மக்கள் அடர்த்தியையும் தொகையையும் கொண்டு நகரையும் ஊரகத்தையும் பிரிக்கிறது.

மலேசியாவின் 10,000 பேர் எல்லைக்கும் பிசாவின் 3,000 பேர் எல்லைக்கும் இடைப்பட்ட ஊர்கள், ஓர் ஆய்வில் ஊரகமாகவும் மற்றோர் ஆய்வில் சிறுநகராகவும் அமையும். பன்னாட்டு ஆய்வின் ஊரக இடைவெளியைத் தேசியத் தேர்வின் ஊரக இடைவெளியோடு நேருக்கு நேர் ஒப்பிடல் ஆகாது என்பது இதனாற் பெறப்படும்.

ஆய்வாளர் கடைப்பிடிக்கத்தக்க நெறிகள்

ஆய்வாளர் தாம் ஆளும் வரையறையையும் அதன் ஆண்டையும் வெளிப்படையாகக் குறித்தல் முதற்கடமை. பல ஆண்டுத் தரவுகளை ஆராய்வோர் ஓர் ஆண்டின் எல்லையை நிலையாகக் கொண்டு, எல்லாப் பள்ளிகளையும் அதன்படியே வகைப்படுத்தல் வேண்டும். இயலுமாயின் பழைய எல்லையின்படியும் புதிய எல்லையின்படியும் தனித்தனியே கணித்து, முடிவு நிலைக்கின்றதா என்று காணலாம். 1988ஆம் ஆண்டு தொடங்கி 2019ஆம் ஆண்டு வரை நடைபெற்று, 2021ஆம் ஆண்டில் நீக்கப்பட்ட யூ.பி.எஸ்.ஆர். தேர்வின் முடிவுகள் இப்போது நிறைவுற்ற வரலாற்றுத் தொகுதியாகிவிட்டன. அவற்றை மீளாய்வு செய்வோருக்கு இந்நெறி மிகவும் தேவைப்படும்.

இரண்டாவதாக, 1, 2 என்னும் குறியீட்டிற்கு மாற்றாக, மக்கள்தொகை, அருகிலுள்ள நகரத்திற்கும் இடைநிலைப் பள்ளிக்கும் உள்ள தொலைவு, பெற்றோரின் தொழில், வீட்டுரிமை ஆகியவற்றைத் தனித்தனி மாறிகளாகப் பதிதல் நன்று. மாணவரின் வாழிடத்தைப் பள்ளியின் அமைவிடத்திலிருந்து பிரித்துக் கேட்டல் வேண்டும். மாணவர் நிலையையும் பள்ளி நிலையையும் வேறுபடுத்தும் பன்னிலைப் பகுப்பாய்வு இதற்குத் துணைசெய்யும்.

மூன்றாவதாக, தமிழ்ப்பள்ளிகளுக்கெனச் சில வரலாற்றுத் தரவுகள் தேவை. பள்ளி தோன்றிய தோட்டம், இடம்மாறிய ஆண்டு, நிலத்தின் உரிமை, அரசுப் பள்ளியா அரசு உதவிபெறும் பள்ளியா என்னும் நிலை ஆகியவை திரட்டப்படுதல் வேண்டும். இவற்றுள் பல, பள்ளிகளின் ஆண்டுமலர்களிலும் தலைமையாசிரியர்களின் பதிவேடுகளிலும் முன்னாள் மாணவரின் நினைவிலும் சிதறிக் கிடக்கின்றன. இவற்றைத் தொகுப்பதில் தமிழாசிரியர்களின் பங்கு பெரிது. ஒரு பள்ளியின் பேருந்து எந்த எந்தக் குடியிருப்புகளுக்குச் சென்று திரும்புகிறது என்பதை எழுதிவைப்பதும் சிறந்த ஆய்வுத் தரவாகும்.

முடிவுரை

மலேசியாவில் ஊரகம் என்னும் வகை, 1,000 பேர் எல்லையிலிருந்து 10,000 பேர் எல்லைக்கும், அரசிதழ் எல்லையிலிருந்து கட்டடப் பரப்பிற்கும், அங்கிருந்து சிறப்பு மேம்பாட்டுப் பகுதிக்கும் மாறி வந்துள்ளது. இவ்வெல்லைகளுள் எதுவும் தோட்டத் தமிழ்ப் பிள்ளையை மனத்திற்கொண்டு வரையப்பட்டதன்று. முதலில் அப்பிள்ளை ஊரகத்தில் எண்ணப்பட்டும் ஊரகத் திட்டங்களின் பயனை முழுமையாகப் பெறவில்லை. பின்னர் நகரத்தில் எண்ணப்பட்டும் நகர வாழ்வின் பயனை முழுமையாகப் பெறவில்லை. இருமுறையும் சராசரி எண்ணுள் அவன் நிலை மறைந்தது.

அளவுசார் ஆய்வைக் கைவிடுதல் இதற்குத் தீர்வாகாது. நிதி ஒதுக்கீடும் ஆசிரியர் நியமனமும் எண்களைக் கொண்டே முடிவு செய்யப்படுகின்றன. எண்ணின்றி முன்வைக்கும் கோரிக்கைக்கு வலிமை குறைவு. தேவைப்படுவது, எதனை எண்ணினோம் என்பதைத் தெளிவாகக் கூறும் எண். ஒரு பள்ளிக்கு 1 என்றோ 2 என்றோ குறியிடுவதற்கு முன், அப்பள்ளி எவ்வாறு அவ்விடத்திற்கு வந்தது என்று கேட்கும் வழக்கம் நம் ஆய்வுகளில் நிலைபெறுமாயின், தமிழ்ப்பள்ளி மாணவரைப் பற்றிய முடிவுகள் இன்றினும் நம்பத்தக்கனவாக அமையும்.